பழைய குழி

ஒப்புதல் தாளை என் பக்கம் திருப்பிவைத்த டாக்டர்
பேனாவின் மூடியைக் கழற்றவில்லை.
முதல் தடவை கழற்றிக் கையில் கொடுத்தவர்.

"ஏற்கெனவே அறுபத்தாறு வாங்கின கழுத்துங்க.
அதே எடத்துல இன்னொரு அறுபது வைக்கோணும்.
தண்டுவடம் எதையும் முழுசா மறக்காது.
தாடையெலும்பு உளுத்துப்போகலாம்.
பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு பக்கத்துலயே ஓடுது,
நூத்துல மூணு பேருக்கு அது..."
மிச்சத்தைச் சொல்லாமல் விரல்களை விரித்தார்.

புரிந்தது.
இருபத்தாறு வருஷம் திருச்செங்கோட்டு வண்டியில்
ராடு இறக்கியவன் நான்.
புதுக் குழிக்கு ஒரு கணக்கு, பழைய குழிக்கு வேறு.
தூர்ந்த போரில் மறுபடி இறங்கும்போது
கம்ப்ரசரை முழுசாகத் திறக்க மாட்டோம்.
பக்கம் சரிந்தால் ஹேமரும் பிட்டும்
உள்ளேயே சமாதி.
காசை முன்னாடியே வாங்கிவிடுவோம்.
"தண்ணிக்கு நாங்க பொறுப்பில்லீங்" என்று
எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன்,
தாலிக்கொடியை அடகு வைத்தவள்
முகத்தைப் பார்க்காமல்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.
அதற்காகவே கையெழுத்துப் போட்டேன்.

பாவாயி பையிலிருந்து பழைய முகமூடியை எடுத்தாள்.
மூன்று வருஷத்துக்கு முன் என் மூஞ்சிமேல் வார்த்த
வெள்ளை வலை.
வெள்ளாடு கடிக்காமலிருக்க
முருங்கைக் கன்றுக்குக் கவிழ்த்திருந்தோம்.
கன்று வாய் வழியே கிளைவிட்டு
கண் வழியே இலைவிட்டு
கழற்ற வராமல் ஓரத்தை அறுத்துக் கொண்டுவந்திருந்தாள்.
"இதையே போட்டுக்கலாங்களா? செலவு மிச்சம்."

தஸ்லீமா என்ற அந்த டெக்னீஷியன் பொண்ணு
சிரிக்கவில்லை.
வாங்கி என் முகத்தருகே பிடித்துப் பார்த்தாள்.
"கன்னம் போயிருச்சுங்களேம்மா."
வெந்நீரில் புதுத் தகடு
அப்பளமாவு போல இளக ஆரம்பித்தது.

காலை எட்டுக்கு ஒன்று, மதியம் ரெண்டுக்கு ஒன்று.
நடுவில் ஆறு மணி நேரம்
நல்ல சதை மூச்சு வாங்கிக்கொள்ளவாம்.
அந்த ஆறு மணி நேரம் ஆள் என்ன செய்வது என்று
எந்தத் தாளிலும் எழுதியில்லை.
கோயமுத்தூரில் வேப்பமரத்தடி பெஞ்சு ஒன்று
எங்களுடையதாகிவிட்டது.

எச்சில் நின்று மூன்று வருஷம்.
எண்ணூறு அடி தாண்டியும் ஈரம் காட்டாமல்
வெள்ளைப் புழுதி பறக்குமே,
அதுதான் என் நாக்கு.
பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றி நனைப்பாள்.
என் முன்னால் அவள் சாப்பிடுவதில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் போய்
தக்காளிச்சோறு தின்று கைகழுவி வருவாள்.
எனக்கு இப்போது மணமும் தெரியாது
என்று அவளுக்குத் தெரியும்.
இருந்தாலும் போவாள்.

உள்ளே சத்தமே இல்லை, அதுதான் பயம்.
சிவப்புக் கோடுகள் என்மேல் சந்திக்கிற இடம்
நீரோட்டம் பார்ப்பவர் கல் வைத்துவிட்டுப் போன இடம் மாதிரி.
வலைக்குள் கண்ணை மூடி ராடு எண்ணுவேன்,
ராடுக்கு இருபது அடி.
முதல் தடவை, ஈரமண் வரட்டும் என்று எண்ணினேன்.
இந்தத் தடவை
சரியாமல் இருந்தால் போதும்.

பதினோராம் நாள், ரெண்டு அடிக்கப் பத்து நிமிஷம்.
ராய்ச்சூர் பக்கமிருந்து நல்லதம்பியின் போன்.
"அண்ணனக் கேளுங்கக்கா,
பழைய போருல நானூறுல ராடு சிக்கிக்கிச்சு."
என் குரல் போனுக்குள் போகாது.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்,
அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்:

இழுக்காதே.
காத்தைக் குறை.
மெதுவாச் சுத்து.

"சுத்தறனுங்கக்கா, வெச்சராதீங்க" என்றான்.
போனில் இன்ஜின் உறுமியது.
மைக்கில் செங்கோட்டுவேல் என்று
என்னைக் கூப்பிட்டார்கள்.